ஒட்டுக்குக் கீழே ஒரு மரம்

என் வீட்டு வாசலில் நான் நட்டது சப்போட்டா. இன்று அங்கே நிற்பது பாலை. இடையில் நடந்தது இருபது வருஷக் கதை. அந்தக் கதையைச் சொல்லி, திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

2003-ல் திண்டிவனம் கிடங்கலில் வீடு கட்டிக் குடிபுகுந்தோம். ஆடிப்பெருக்கு கழிந்த வாரம், புதுச்சேரி சாலையோரம் இருந்த நாற்றுப் பண்ணை ஒன்றில் சப்போட்டா ஒட்டுக்கன்று ஒன்று வாங்கினேன். காளிப்பட்டி ரகம், மூன்றாம் வருஷம் காய்க்கும் என்றார்கள். நான் அப்போது விழுப்புரத்தில் அஞ்சலக எழுத்தர். காலையில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போய்ச் சேரும். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வந்து, பையைத் திண்ணையில் வைத்த கையோடு கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். அதற்குப் பிறகுதான் காப்பி.

மூன்றாம் வருஷம் காய்க்கவில்லை. 2006 கத்திரி வெயிலில் மேல்பாதி இலைகள் ஓரம் கருகி, சுருண்டு, பத்தே நாளில் குச்சியாகிப் போனது. கிட்டப்போய்ப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒட்டுக் கட்டும்போது சுற்றிய பிளாஸ்டிக் நாடா அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. தண்டு பருக்கப் பருக்க அது உள்ளே இறங்கி, கழுத்தில் கயிறு போட்டதுபோல் இறுக்கியிருக்கிறது. விற்றவர்கள் அவிழ்க்கச் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்று வருஷத் தண்ணீர் வீணாயிற்றே என்று அன்று ராத்திரி சாப்பிடவே பிடிக்கவில்லை.

ஆனி மாதம் ஒரு சின்ன மழை பெய்தது. நான்காம் நாள், அந்த நாடாவுக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சிவப்பும் பச்சையுமாக ஒரு துளிர். இலை விரிந்ததும் பார்த்தால் சப்போட்டா இலை இல்லை. அதைவிடச் சின்னது, தடிப்பானது, தோல்போல விறைப்பானது. நுனி கூர்மையாக முடியாமல், யாரோ நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் உள்வாங்கியிருந்தது. நாற்றுப் பண்ணையில் போய்க் கேட்டேன். “அது அடிச்செடிம்மா, காட்டுச்செடி. புடுங்கிப் போட்டுட்டு வேற ஒட்டு வாங்கி வைங்க” என்றார்கள். வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தேன். என் மாமியார் விடவில்லை. “பச்சையா நிக்கிறத ஏன் வெட்டுற? அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். அவர் சொல்லை மீறி எதையும் செய்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கடப்பாரை மூலைக்குப் போனது. பாலை பிழைத்தது.

அதன் பெயர் பாலை என்று தெரிய இன்னும் ஐந்து வருஷம் ஆனது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த கோலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. எங்கள் தெருவிலும் முருங்கை, வாதமரம், மயில்கொன்றை எல்லாம் விழுந்தன. விழுந்த கிளைகளை விறகுக்குக் கேட்டு ஓர் ஆயா வந்தார். ஈச்சந்துடைப்பம் விற்றுக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் தெருவுக்கு வருகிற இருளர் ஆயா. வாசலுக்கு வந்தவர் ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்திருந்த அந்தச் செடியின் முன்னால் நின்றுவிட்டார்.

“இது பால மரமாச்சே கண்ணு. காட்டுல கெடக்குற மரம் உன் ஊட்டு வாசலுக்கு எப்பிடி வந்துச்சு?”

“சப்போட்டா வெச்சேன் ஆயா. அது செத்துப்போய் அடியில இருந்து இது வந்தது.”

“வேரு இதுதான? அது எங்க சாவும்?” என்று சொல்லிவிட்டு ஓர் இலையைக் கிள்ளினார். காம்பில் வெள்ளையாகப் பால் துளிர்த்தது. “பழம் வுடும் பாரு, மஞ்சமஞ்சளா. சின்னப் புள்ளைல செஞ்சி மலைக்காட்டுல பொறுக்கித் தின்னுருக்கோம். உதடு ஒட்டிக்கும்.”

அன்று தொடங்கியது என் தேடல். தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் கேட்டபோது, அவர் தனக்குச் சர்வசாதாரணமான ஒரு விஷயத்தைச் சொன்னார். எனக்கு அது தூக்கிவாரிப் போட்டது. தமிழ்நாட்டில் விற்கும் சப்போட்டா ஒட்டுக்கன்றுகளின் வேர் பெரும்பாலும் சப்போட்டா வேர் இல்லை. அது பாலையின் வேர். விதை போட்டு முளைக்கவைத்த பாலை நாற்றைத் தொட்டியில் வளர்த்து, அதன் தண்டைச் சப்போட்டாக் கிளையோடு சேர்த்துக் கட்டி, இரண்டும் ஒன்றாகிப் பிடித்ததும் பாலையின் தலையை வெட்டிவிடுவார்கள். நெருக்கு ஒட்டு என்று பெயர். சப்போட்டா மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்த மரம். நம் மண்ணில், நம் கோடையில் அது தாக்குப்பிடித்துக் காய்ப்பதற்கு இந்த மண்ணின் வேர் ஒன்று வேண்டியிருந்தது. பாலையும் சப்போட்டாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒட்டு பிடிக்கிறது. பாலை வேர் ஆழமாக இறங்கி வறட்சியைத் தாங்குகிறது. எத்தனையோ மரங்களை வேராக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதுவே சிறந்தது என்று நம் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அதாவது, நம் ஊரில் சப்போட்டா நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் பாலையும் இருக்கிறது. தலை மட்டும் இல்லை. ஒட்டுக்குக் கீழே அது துளிர்த்தால் உடனே கிள்ளிவிட வேண்டும் என்பதுதான் சாகுபடிக் குறிப்புகளின் முதல் பாடம். விவசாயிக்கு அது சரி, அவர் சப்போட்டா விற்றுப் பிழைக்க வேண்டும். வாசலில் நிழலுக்கும் அழகுக்கும் ஒரு மரம் வேண்டும் என்று தேடுகிறவர்கள் ஏன் இதை வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் மரம் 2015-ல் முதன்முறை பழுத்தது. அதற்குமுன் மார்கழி, தை வாக்கில் கிளை நுனிகளில் இலைக் கொத்துக்கு அடியில் வெளிர் நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். இந்தப் பூவில் ஆறு மகரந்தத் தாள்கள் இருப்பதைப் பார்த்துத்தான் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ இதற்கு ‘ஹெக்சாண்ட்ரா’ என்று பெயரிட்டார். 1795-ல் வெளிவந்த ‘சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள்’ என்ற நூலில் படத்தோடு இதைப் பதிந்திருக்கிறார். அந்த நூலின் பெயரிலேயே நம் கடற்கரை இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். சித்திரையில் பிஞ்சு தெரியும். வைகாசி பிற்பாதியிலிருந்து ஆனிவரை பழம். ஒவ்வொன்றும் வேப்பம்பழ அளவு, மினுமினுக்கும் மஞ்சள், உள்ளே ஒற்றைக் கொட்டை, அதுவும் மெருகு போட்டதுபோல் பளபளக்கும் செம்பழுப்பு. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே அந்த மஞ்சளைப் பார்ப்பதற்கென்றே காலையில் வாசற்கதவைத் திறப்பேன்.

பழம் விழும் காலத்தில் எங்கள் வாசலில் நிற்க இடமிருக்காது. விடியற்காலையில் குயில். ஏழு மணிக்குமேல் கொண்டைக்குருவிகளும் மைனாக்களும். மத்தியானம் கிளிகள் வரும், பாதி கடித்துப் பாதி கீழே போடும். ராத்திரி பழந்தின்னி வௌவால்கள். கீழே விழுந்ததைப் பொறுக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். பறித்த உடனே தின்றால் ஆயா சொன்னபடி பால் ஒட்டி உதடு பிரியாது. கழுவி முறத்தில் பரப்பி ஒரு ராத்திரி வைத்திருந்து, உதட்டில் துளி நல்லெண்ணெய் தடவிக்கொண்டு தின்றால் தொந்தரவு இல்லை. சப்போட்டாவின் இனிப்புதான், ஆனால் இன்னும் அடர்த்தி, முடிவில் லேசான துவர்ப்பு. அகமதாபாத், டெல்லிக் கடைத்தெருக்களில் கோடையில் இதைக் கூறுகட்டி விற்கிறார்கள். குஜராத்தில் ராயண் என்றும் வடக்கே கிர்ணி என்றும் பெயர். பாலிதானாவின் சத்ருஞ்ஜய மலையில் ஆதிநாதரோடு சேர்த்துச் சமணர்கள் வணங்குவது இந்த மரத்தைத்தான். நம் பக்கம் சந்தையில் ஒரு கூறுகூட நான் பார்த்ததில்லை.

இந்தப் பழத்தின் அருமையை எனக்குச் சரியாகச் சொன்னவர் இலங்கையின் வன்னியைச் சேர்ந்த பெண் ஒருவர். மரக்காணம் பக்கம் சில மாதங்கள் மாற்றுப் பணியில் இருந்தபோது பழக்கமானவர். கீழ்ப்புத்துப்பட்டு மறுவாழ்வு முகாமில் குடியிருக்கிறார். 1990-ல் பத்து வயதில் படகேறி வந்தவர். ஓர் ஆனி மாதம் திண்டிவனம் வந்த இடத்தில் என் வீட்டுக்கும் வந்தார். கேட்டைத் திறந்தவர் உள்ளே வரவில்லை. கீழே குனிந்து ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தார்.

“அக்கா, இது பாலைப்பழம் எல்லோ! எத்தினை வருசத்துக்குப் பிறகு பாக்கிறன்.”

திண்ணையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் பழத்தையும் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினார். “எங்கட பக்கம் வைகாசி, ஆனியில காட்டுக்குள்ள போய்ப் பொறுக்குவம். கரடியும் அந்த நேரம் பழத்துக்கு வரும் எண்டு அம்மா தனிய விடமாட்டா. வாயெல்லாம் ஒட்டிக்கொண்டு வருவம்.” இலங்கையில் வில்பத்து, யால காடுகளில் கரடிகளைப் பார்க்க ஏற்ற காலம் பாலைப்பழக் காலம்தான் என்பார்கள். மரத்தில் ஏறித் தின்னும். கரடி ஏறுகிற பழம், கடல் தாண்டி வந்த ஒரு பெண்ணின் பிள்ளைப் பருவத்தைத் திருப்பிக் கொடுத்த பழம், எங்கள் ஊரில் பெயர் தெரியாமல் கிடக்கிறது. எனக்கு அன்று மனசு கனத்துப் போனது.

இத்தனைக்கும் அவர் குடியிருக்கிற இடம் எது? கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டின் ஓரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மண்குதிரைகளையும் கோயிலையும் பார்த்திருப்பார்கள். பின்னாலிருக்கும் காட்டை உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் கடற்கரைக்கு உரிய, பசுமைமாறா உலர்காட்டின் மிச்சங்களில் ஒன்று அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பசுமைமாறாக் காடு இருப்பதில் அதிசயம் இல்லை, அங்கே மழை கொட்டுகிறது. நம்மிடம் மழை ஐப்பசி, கார்த்திகையோடு சரி. பிறகு ஏழெட்டு மாதம் காய்ச்சல். அப்படியும் இலையை உதிர்க்காமல், கத்திரி வெயிலிலும் கரும்பச்சையாக நிற்கும் மரங்களைக் கொண்ட காடு இது. உயரம் அதிகம் இல்லை, முப்பது நாற்பது அடிதான். இலைகள் தடிப்பும் மெழுகுமாக, ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும். பாலை, வீரை, கருங்காலி, காயா, குருந்து எல்லாம் இந்தக் குடும்பத்து ஆட்கள். விழுப்புரம் மாவட்டத்தில் கோயில் காடுகளாகவும் சில காப்புக்காடுகளாகவும் துண்டுதுண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. வானூர் வட்டத்தில் ஆரோவில்காரர்கள் வெறும் செம்மண் கட்டாந்தரையில் இந்த மரங்களையே தேடிப் பிடித்து நட்டு ஐம்பது வருஷத்தில் காடாக்கிக் காட்டியிருக்கிறார்கள். நம்மால் முடியாத வேலை இல்லை.

மரத்தின் பேரால் ஊர் அமைந்தவர்கள் நாம். திந்திரிணி என்றால் புளி, திந்திரிணி வனம் திண்டிவனம் ஆனது என்று சொல்வார்கள். திந்திரிணீஸ்வரர் கோயிலே அதற்குச் சாட்சி. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது சாலையோரப் புளியமரங்கள் போயின. இப்போது சாலைக்கு நடுவே அரளி. சாலைக்கு அப்பால் மனைப்பிரிவுகள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்வரை இருபுறமும் கல் நட்டுக் கொடி பறக்கிறது. மனை வாங்கி வீடு கட்டியதும் முகப்பு அழகுக்கு என்று கேட்டால் கடைக்காரர் கைகாட்டுவது கோனோகார்பஸ், நரிவால் பனை, சைக்கஸ். ஒரே வருஷத்தில் சுவர் உயரத்துக்குப் பச்சை வேண்டும் என்று கேட்கிறவர்களுக்காகவே கோனோகார்பஸை வரிசையாக நட்டுவிட்டார்கள். ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியைச் சேர்ந்த மரம் அது. மகரந்தத்தால் ஒவ்வாமை வருகிறது, வேர் குழாய்களைத் தேடிப்போய் உடைக்கிறது என்று புகார்கள் வந்து 2023-ல் குஜராத் அரசு அதை நடுவதற்குத் தடை போட்டது. பிறகு தமிழ்நாடு அரசும் அதே வழிக்கு வந்தது. தடை வந்தது நல்லது. வெட்டிய இடத்தில் எதை வைப்பது என்பதற்குத்தான் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

‘ஃபெஞ்சல்’ புயலைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய புயல், நகராமல் நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மெத்தை, பெஞ்சு, அரிசிப் பெட்டி, பிளாஸ்டிக் குடம் எல்லாம் அறைக்கு அறை மிதந்து போயின. இரண்டாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு சமையலறையைக் கழுவும்போது சேற்றுக்குள் ஏதோ தட்டுப்பட்டது. என் மாமியாரின் உலக்கை. எந்த இடத்தில் கிடந்ததோ அதே இடத்தில் கிடந்தது. “ரெண்டு பக்கமும் இரும்புப் பூண் இருக்குல்ல, எப்படி மிதக்கும்?” என்றான் மகன். அந்த உலக்கையில் ஒரு முனை எப்போதோ விண்டுபோய், அந்தச் சில்லை மாமியார் கதவுக்கு அண்டை கொடுக்க வைத்திருந்தார். அதை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாலையின் முழுப்பெயர் உலக்கைப்பாலை. தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமும் இறுக்கமுமான கட்டை என்பதால்தான் உலக்கைக்கும் செக்குக்கும் இதைத் தேடி வெட்டினார்கள். மாமியார் 2018-லேயே போய்விட்டார். “பச்சையா நிக்கிறத ஏன் வெட்டுற” என்று அன்று சொன்னபோது, அது தன் கையில் அறுபது வருஷம் இருந்த உலக்கையின் மரம் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.

வாசலில் மரம் நின்றுகொண்டிருந்தது. இரண்டு நாள் அடிமரம் தண்ணீரில் நின்றும், எதிர்வீட்டு மயில்கொன்றை சுவரோடு சாய்ந்தும், இதில் விரல் தடிப்புக் கிளை ஒன்று ஒடிந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு மரத்தை வைத்து எல்லா மரத்துக்கும் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். ஆனால் மெதுவாக வளரும் கட்டை, ஆழ இறங்கிய ஆணிவேர், அடக்கமான தலை என்று மூன்றும் சேர்ந்த மரம் புயல் பாதையில் இருக்கும் ஊருக்கு ஏற்றது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. பதின்மூன்று வருஷத்தில் இரண்டு பெரும் புயலைப் பார்த்த ஊர் இது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை எனக்குத் தெரியும். பெரிய குறை, மெதுவாக வளர்வது. துளிர்த்து ஒன்பது வருஷம் கழித்துத்தான் நாங்கள் பழம் பார்த்தோம். அதுகூட ஏற்கெனவே ஊன்றிய வேரிலிருந்து வந்ததால்தான். விதையிலிருந்து வைத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். வீட்டுக் கடனை இருபது வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம், பிள்ளை படித்து முடிக்கவும் இருபது வருஷம் ஆகிறது. அந்தக் கணக்கில் பத்து வருஷ மரம் ஒன்றை வைக்க நம்மால் முடியும். பழம் விழுந்து வாசல் பிசுபிசுக்கிறது என்பார்கள். உண்மைதான், ஆனியில் நான் தினமும் இரண்டு வேளை கூட்டுகிறேன். வண்டியை அடியில் நிறுத்தக் கூடாது. வௌவால் எச்சம் சுவரில் படும். இதெல்லாம் வருஷத்தில் ஒன்றரை மாத வேலை. மிச்சம் பத்தரை மாதமும் இலைச் சருகு என்று ஒரு முறம்கூடச் சேராது.

இடம் இல்லாதவர்கள் பாலையை வைக்க வேண்டாம். சுவரிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் பதினைந்து அடியாவது தள்ளி வைக்க முடிந்தால்தான் இது சரிப்படும். 1200 சதுர அடி மனையில் வீடு போக நாலு அடி மிஞ்சுகிறவர்களுக்கு இதே காட்டின் சின்ன மரங்கள் இருக்கின்றன. காயா ஒன்று போதும். அதன் பூ கிளையைச் சுற்றி நீலமாகப் பூத்து நிற்பதைக் கண்டவர்கள் வேறு அலங்காரச் செடி தேட மாட்டார்கள். திருமாலின் மேனிக்குக் காயாம்பூவைத்தான் உவமை சொன்னார்கள். அல்லது குருந்து வைக்கலாம். எலுமிச்சை ஜாதி, வெள்ளைப் பூ, வாசனை. கொஞ்சம் பெரிய வாசல் என்றால் மகிழமரம். பாலையோடு சேர்த்து நால்வகையும் இலை கொட்டாது, நால்வகையும் பழம் கொடுக்கும்.

கிடைப்பதுதான் கஷ்டம். இங்கே என் குறை நாற்றுப் பண்ணைகள்மேல்தான். சப்போட்டா ஒட்டு கட்ட அவர்களுக்குப் பாலை நாற்று வேண்டும். வளர்ப்பது தெரிந்த கைகளும் இருக்கின்றன. ஆனால் பாலைக்கன்று ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள், “அதை யாரும்மா வாங்குவாங்க?” என்கிறார்கள். பத்து நாற்றில் ஒன்றைத் தலையை வெட்டாமல் விட்டு, பெயர் எழுதி, சாலையைப் பார்த்து வரிசையில் வைத்தால் வாங்க ஆள் வரும். வனத்துறை நாற்றங்கால்களுக்கும் இதையே சொல்வேன். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது மாநிலத்தின் வனப்பரப்பையும் மரப்பரப்பையும் 33 சதவீதமாக்குவது இலக்கு என்றார்கள். பெரிய இலக்கு, வாழ்த்துகிறேன். எண்ணிக்கைக்காக வேகமாக வளரும் மரங்களையே கொடுத்துக்கொண்டிருந்தால் பரப்பு கூடும், இந்தக் கடற்கரைக் காடு கூடாது. விழுப்புரம் மாவட்டத்தில் கொடுக்கும் கன்றுகளில் பாலையும் வீரையும் காயாவும் கட்டாயம் இடம்பெற வேண்டும். புதிதாக வரும் பேருந்து நிலையம், பள்ளி, அலுவலக வளாகம் எதுவாக இருந்தாலும் குழி வெட்டும்போதே இந்த மரங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று. ஒட்டுக் கட்டுவதற்கு வேண்டிய பாலை விதை எங்கிருந்து வருகிறது? பாலைக்கு என்று யாரும் தோப்பு போட்டிருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. காட்டிலும் கோயிலிலும் நிற்கும் மரங்கள்தான் கொடுக்க வேண்டும். அவை போய்விட்டால் சப்போட்டாக்காரரின் பிழைப்பும் சேர்ந்து போகும். வாசலுக்கு வாசல் ஒரு பாலை நின்றால் அந்தக் கவலையும் தீரும்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஆனியில் நன்றாகப் பழுத்துத் தானாக விழுந்த பழத்தை எடுத்து, சதையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒருநாள் நிழலில் உலர்த்தி உடனே ஊன்றிவிட வேண்டும். கொட்டையின் ஓரத்தை உரசி விட்டால் சீக்கிரம் முளைக்கிறது. செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சமமாக. ஆணிவேர் நீளம் என்பதால் குட்டைத் தொட்டி உதவாது, முழ உயரத்துக்குப் பை வேண்டும். ஒரு மாதம்வரை எதுவும் தெரியாது, அதற்குள் கிளறிப் பார்க்கக் கூடாது. ஒரு வருஷம், முடிந்தால் இரண்டு வருஷம் பையிலேயே வளர்த்து, ஐப்பசி மழை இறங்கியதும் இரண்டடிக் குழியில் நட வேண்டும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும், ஆடு வாய் வைக்காதபடி ஒரு கூண்டும் கொடுத்தால் போதும். அப்புறம் அதற்கு நம் தயவு தேவையில்லை.

போன வருஷத்துக்கு முந்தின ஆனியில் முப்பது கொட்டை ஊன்றினேன். பதினொன்று முளைத்தன. இரண்டைக் கீழ்ப்புத்துப்பட்டு வன்னிப் பெண்ணுக்குக் கொடுத்தேன். முகாம் வீட்டு வாசலில் பதினைந்து அடிக்கு வழியில்லை என்று ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும் ஒன்றை அய்யனார் கோயில் பாதையோரத்திலும் வைக்கப்போவதாக அவர் சொன்னார். துடைப்பம் விற்கும் ஆயா இப்போது வருவதில்லை, பேத்திதான் வருகிறாள். அவள் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மீதி எட்டும் கிணற்றடியில் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. ஐப்பசிக்குள் கிடங்கல் பக்கம் வந்து கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன், காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: சப்போட்டாவை இதில் ஒட்டுக் கட்டக் கூடாது.